குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு டலி

குசினிக் கதவின் பின்பக்கத்தில் ஆறு பென்சில் கோடுகள் இருந்தன. நாலு நிமிர்ந்து நின்றன. ஐந்தாவது அந்த நாலுக்கும் குறுக்கே சரிந்து கிடந்தது. ஆறாவது கொஞ்சம் தள்ளித் தனியாக நின்றது. நான் தரையைக் கூட்டத் தும்புத்தடியை எடுக்கப் போனவன். தும்புத்தடி அங்கே இருக்கவில்லை.

இந்த வீட்டில் நான் அறியாத எண்ணிக்கை எதுவும் இருப்பதில்லை. யன்னல் கம்பிகள் நாற்பத்தெட்டு. பின்வாசலில் இருந்து கிணற்றடிக்கு நடந்தால் இருபத்தாறு எட்டு. மழை நாட்களில் வழுக்கும் என்று எட்டைக் குறுக்கி வைப்பதால் முப்பத்துமூன்று. காலையில் கோட்டை வாசலடியில் படுத்திருக்கும் மான்களைக்கூட நடந்து வரும்போது எண்ணிவிடுவேன். முந்தின நாளைவிட ஒன்று குறைந்தால் அன்று முழுவதும் மனம் அரிக்கும். அப்படியான வீட்டில் யாரோ எதையோ ஆறு வரைக்கும் எண்ணியிருக்கிறார்கள், என்னிடம் சொல்லாமல்.

அதிலும் என்னைக் குழப்பியது அந்த ஐந்தாவது கோடுதான். அது இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறியிருந்தது. எங்கள் துறைமுக மேடையில் கரைப்பக்கத்துக்கு எண்ணுகிறவர்கள் அப்படித்தான் கீறுவோம். கப்பல் பக்கத்துக்கு எண்ணுகிறவர்கள் மேலிருந்து கீழே இழுப்பார்கள். அப்படி ஒரு விதி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தாள்கள் கலந்துபோனாலும் எது யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக யாரோ எப்போதோ தொடங்கிவைத்த வழக்கம். இந்த வீட்டில் கீழிருந்து மேலே கீறத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான்; நான் கீறவில்லை. மற்றவர் என் மனைவி.

அவருக்கு அதைக் காட்டிக் கொடுத்ததும் நான்தான். மகளுக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது வயிற்றோட்டம் வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் போகிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார் டாக்குத்தர். எனக்கு வேலை. மனைவி எழுத்துக்கூட்டிப் பந்தி பந்தியாக எழுதி வைத்திருந்தார். எழுத வேண்டாம், ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு கோடு போட்டால் போதும் என்று சொல்லி, நாலு கோடும் குறுக்கே ஒன்றும் போடக் காட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவர் கோடு போட்டு நான் காணவில்லை.

சாதாரண காலமாக இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன். அது சாதாரண காலம் இல்லை. அந்த மகள் இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில், ஏழாம் மாடியில் இருக்கிறாள். சித்திரை விடுமுறைக்கு வந்து நின்றபோது நான் காஸ் அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். தண்ணீர் வற்றி, கேத்திலின் அடி உருகி, அடுப்போடு ஒட்டிக்கொண்டது. "இனி உங்கள் ரெண்டு பேரையும் இஞ்ச தனிய விடேலாது" என்று அன்றைக்கே சொன்னாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்துவிட வேண்டுமாம். பூட்டின வீடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உட்துறைமுகப் பக்கமாக இருக்கிற வீடு என்று இரண்டு பேர் ஏற்கெனவே வந்து மதில் நீளம் அளந்து பார்த்துப் போனவர்கள். வெள்ளைக்காரர் வந்து தங்குகிற அறைகள் கட்டப் போகிறார்களாம்.

மகள் திரும்பிப் போன பிறகு தாயும் மகளும் போனில் கதைப்பது கூடிவிட்டது. அதுவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. எட்டு நாளில் பதினொரு தரம். அதற்குப் பிறகுதான் இந்தக் கோடுகள்.

*

அந்தக் கோடுகளுக்கு ஒரு பெயர் உண்டு. ஆங்கிலப் பெயர். அந்தப் பெயரில்தான் நான் முப்பத்துநாலு வருடம் சாப்பிட்டேன். டலி. துறைமுகத்தில் நான் டலி கிளாக்கர். என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு, கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது எண்ணுகிற வேலை என்பேன். இதற்கு ஒரு கிளாக்கரா என்று சிலர் சிரிப்பார்கள். ஒரு கயிற்று வலையில் இருபது உர மூட்டைகள் தொங்கிக்கொண்டு இறங்கும். அதைச் சிலிங் என்போம். ஒரு சிலிங் இறங்கினால் ஒரு கோடு. ஐந்து சிலிங்குக்கு ஒரு கட்டு, நூறு மூட்டை. ஒரு வலையில் பத்தொன்பது இருந்தால் கோட்டின் தலையில் சின்னதாக ஒரு கொக்கி. வெயிலில் எட்டு மணித்தியாலம் நின்று இதைச் செய்துபார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எனக்குச் சோறு போட்ட சொல் எங்கிருந்து வந்தது என்று அறிய, வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம் பெரிய ஆங்கில அகராதி ஒன்றை வாங்கினேன். இப்போதும் அலுமாரியில் இருக்கிறது. லத்தீனில் வெட்டிய குச்சிக்கு, பதியம் வைக்கிற தடிக்கு, ஒரு பெயர் இருந்ததாம். அதிலிருந்து பிரெஞ்சுக்காரர் வாய்வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தையற்காரரைக் குறிக்கிற டெய்லர் என்ற சொல்லும் அதே குச்சியின் உறவுதான். அதுவும் வெட்டுகிற வேலை. சில்லறை வியாபாரத்தைச் சொல்கிற ரீட்டெயிலும் அப்படியே. பெரியதை வெட்டி விற்பது. ஒரு குச்சிக்கு இத்தனை பிள்ளைகளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வாசிகசாலையில் இருந்த வேறு இரண்டு அகராதிகளிலும் பார்த்தேன். மூன்றும் ஒன்றையே சொல்லின. மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கலாம். ஆனால் அதற்கு மேல் என்னால் தோண்ட ஏலவில்லை.

குச்சியை ஏன் வெட்டினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எழுத்தறியாத காலத்தில் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்ததை ஒரு தடியில் குறுக்கு வெட்டுகளாகப் பதிவார்கள். மிகப் பெரிய எண்ணுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு. அதைவிடச் சிறியதற்குப் பெருவிரல் அகலம். அதிலும் சிறியதற்கு ஒரு தானிய மணி அளவு. பிறகு அந்தத் தடியை நெடுக்காகப் பிளப்பார்கள். வெட்டுகள் இரண்டு பாதியிலும் விழுந்திருக்கும். கொடுத்தவரிடம் நீளப் பாதி, வாங்கினவரிடம் குறும் பாதி. நாளைக்கு ஒருவர் தன் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டினாலும் செதுக்கிக் குறைத்தாலும், மற்றப் பாதியோடு பொருத்தும்போது பிடிபட்டுவிடும். தடியின் நரம்புகளும் பொருந்த வேண்டும். வேறு மரத்தில் செய்து கொண்டுவரவும் ஏலாது.

பொருந்துகிறது என்பதற்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல் வந்தது அப்படித்தான். நாங்களும் இன்றைக்கு, சொன்ன கதையும் நடந்த கதையும் ஒத்துவராவிட்டால் 'டலி ஆகேல்லை' என்கிறோம். ஆட்டிறைச்சிக் கடைக்காரர் சொல்கிறார், பள்ளிக்கூடத்து அதிபர் சொல்கிறார், என் மனைவியும் சொல்வார். யாருக்கும் குச்சி ஞாபகம் இல்லை. ஆனால் நான் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் முதலில் நினைப்பது ஒன்றைத்தான். ஒருவரை ஒருவர் நம்பின இரண்டு பேர் தடியைப் பிளந்திருக்க மாட்டார்கள்.

ஆங்கிலேயரின் பாராளுமன்றத்தில் இப்படிக் குவிந்துகிடந்த பழைய குச்சிகளைச் சூளையில் போட்டு எரிக்கப் போய்க் கட்டடமே எரிந்துபோனதாக வாசித்திருக்கிறேன். தற்செயலாம். அத்தனை பேருடைய கணக்கும் ஒரே நாளில் எரிந்துபோன தற்செயல்.

*

ஆறு, மறுநாள் மாலையில் எட்டானது. அதற்கடுத்த நாள் எட்டாகவே நின்றது. வெள்ளிக்கிழமை ஒன்பது.

நான் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். தேங்காயோ? மூலையில் கிடந்த தேங்காய் பதினான்கில் மூன்று குறைந்திருந்தது, கோடு அதோடு ஒத்துப்போகவில்லை. போன் அழைப்போ? கோடு கூடாத நாளில் மூன்று அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் முற்றத்துக்கு வருவதோ? அது ஒரு நாளைக்கு இருபது தரம் வரும். மனைவியின் மருந்துக் குளிசையோ என்றும் நினைத்தேன். குளிசைப் பட்டையை எண்ணினேன். அதுவும் இல்லை.

"என்ன, என்ர மருந்தையெல்லாம் எண்ணுறியள்?" என்று பின்னால் நின்று கேட்டார் மனைவி.

"முடிஞ்சு போச்சோ எண்டு பாத்தனான்."

"இஞ்சாருங்கோ, மனிசர் மூச்சு விடுறதையும் ஒருநாளைக்கு எண்ணுவியள்."

பதினோராவது கோட்டில் பிடித்தேன். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததோ என்று எனக்கு ஒரு எண்ணம். விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே, "இஞ்சாரும், மோட்டாரை நிப்பாட்டியாச்சோ?" என்று கேட்டேன். "ஓம், நிப்பாட்டியாச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலில் ஒரு அலுப்பு இருந்தது. பிறகு குசினிக் கதவு கிறீச்சிட்டது. அது காற்றில் கிறீச்சிடுகிற கதவு இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போலப் போய்ப் பார்த்தேன். முதல் பத்து இரண்டு கட்டாக முடிந்து, பக்கத்தில் புதுக்கோடு ஒன்று நின்றது. பென்சில் தூள்கூட இன்னும் உதிரவில்லை.

அதே கேள்வியை நான் சற்று முன்னமும் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அல்லது, கேட்டிருக்க வேண்டும் என்பது. கேட்டதாக ஞாபகம் இருக்கவில்லை.

ஆக, எண்ணப்பட்டது நான்.

அந்தக் கோடுகள் கொழும்புக்குப் போகும். போய், ஏழாம் மாடியில் ஒரு மேசையில் கூட்டப்படும். கூட்டின தொகையில் இந்த வீடு இருக்குமா இல்லையா என்பது தீர்மானமாகும். அதை எண்ணுகிறவர் நாற்பத்தாறு வருடமாக என்னோடு இருக்கிறவர்.

அன்றைக்கே சட்டைப் பையில் அடங்குகிற ஒரு கொப்பி வாங்கினேன். மனைவியிடம் நான் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் நேரம் போட்டுப் பதிந்தேன். கேட்க முன்னம் கொப்பியைத் திறந்து, கேட்டாயிற்றோ என்று பார்ப்பேன். அப்படியும் தவறித் திரும்பக் கேட்டுவிட்டால் ஒரு கோடு. அவருடைய பாதித் தடி கதவில். என்னுடையது சட்டைப் பையில்.

*

கிண்ணியாவில் எனக்கு ஒரு நண்பர். என் வயதுதான். நான் கரைக்கு எண்ணிய காலமெல்லாம் அவர் கப்பலுக்கு எண்ணியவர். ஒரே சிலிங்கை, அவர் மேலே கப்பல் தளத்தில் நின்றும் நான் கீழே மேடையில் நின்றும் எண்ணுவோம். இடைவேளையில் ஒரே தேத்தண்ணிக் கடையில் குடிப்போம். அவருடைய தாள் அவருடைய தொடைக்குக் கீழே, என்னுடையது என்னுடையதற்குக் கீழே. கப்பலின் அறை காலியாகி மூடி போடும் வரைக்கும் ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் தெரிந்தோ தெரியாமலோ கை அந்த எண்ணுக்கே போய்விடும்.

அவர் மாதம் ஒருமுறை பஸ்ஸில் பட்டணத்துக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போக மாட்டார். வந்தவரை முற்றத்து வேம்புக்குக் கீழே இருத்தி, மெதுவான குரலில் முழுவதையும் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்து, தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: "மச்சான், நீ கதவைப் பாத்துட்டாயா?"

"ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

"அப்ப கள்ளன் நீதான். மூடி போட முன்னம் மத்தவன்ட தாளைப் பாத்தவனை நாங்க என்ன செஞ்சம்? மேடையில இருந்து இறக்கினம்."

"அவ எனக்குத் தெரியாமல் எண்ணுறா. இது எந்த ஊர் நியாயம்?"

"சொல்லிப்போட்டு எண்ணினா நீ ஒழுங்கா நடப்பாய். அது டலி இல்லையே." சிரித்தார். "அது சரி, உனக்கும் எனக்கும் எத்தனை கப்பல் முதல் எண்ணுலயே ஒத்து வந்திருக்கு?"

நான் எண்ணி வைத்திருந்தேன். ஏழு கப்பலுக்கு ஒன்று என்ற விகிதம்கூட இல்லை. இரண்டு பேரும் கவனமாக, இரண்டு பேரும் நேர்மையாக எண்ணினாலும் அப்படித்தான். அந்தச் சீமெந்துக் கப்பலை அவர் ஞாபகப்படுத்தினார். நாற்பது மூட்டை வித்தியாசம். கப்பல்காரர் களவெடுத்துவிட்டார்கள் என்று நான் கையெழுத்து வைக்க மறுத்து, மூன்று மணித்தியாலம் கப்பலை மறித்து, மேடையில் அடுக்கியிருந்த மூட்டை அட்டியைப் பிரித்து எண்ணுவித்தேன். கடைசியில் பார்த்தால், பாரம் தூக்குகிற வின்ச் இடையில் பழுதாகி அந்தரத்தில் நின்று, பிறகு இறங்கின இரண்டு சிலிங்கை நான் எண்ணாமலே விட்டிருந்தேன். நின்றபோது இறங்கட்டும் என்று விட்டேன், இறங்கினபோது முன்னமே எண்ணியாயிற்று என்று விட்டேன்.

"அண்டைக்கு நான் உன்னைக் கள்ளன் எண்டு சொன்னனா?"

"இல்லை."

"எண்ணித் தீராத எண்ணுக்குக் கப்பல்காரன் என்ன எழுதுவான்? மறந்துட்டாயா?"

மறக்கவில்லை. அதை மறந்தால் நான் என்னையே மறந்ததுபோல. எவ்வளவு எண்ணியும் ஒத்துவராத மூட்டைகளுக்காகத் தாளின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவார்கள். 'இத்தனை மூட்டை தகராறில். கப்பலில் இருந்தால் ஒப்படைக்கப்படும்.' இருக்கிறது என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. அந்த வரியோடு கப்பல் போகலாம்.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?" என்றார்.

"உன்ட புருசன் என்னைக் கப்பலுக்குத் திரும்பக் கூப்பிடுறான், தங்கச்சி."

"கூட்டிக்கொண்டு போங்கோ, நானா," என்றார் மனைவி, அவரை அண்ணன் முறை சொல்லி. "எனக்கு இஞ்ச கொஞ்சம் நிம்மதி."

அதில் எவ்வளவு பகிடி, எவ்வளவு உண்மை என்று நான் அன்றிரவு வரைக்கும் யோசித்தேன்.

*

மாதம் முடிந்தது. நான் கொப்பி திறந்த நாளிலிருந்து கதவில் ஏறியது இருபது. என் கொப்பியில் எட்டு. பன்னிரண்டைக் காணவில்லை. பதிந்து வைத்த கேள்விகளை மூன்று தரம் கூட்டினேன். அந்தப் பன்னிரண்டும் எங்கேயும் பதியப்படவே இல்லை. மனைவி கூடுதலாகப் போட்டிருக்கிறார் என்று ஒரு நாள் நம்பினேன். மறுநாள், சீமெந்துக் கப்பல் ஞாபகம் வந்தது.

மகள் சனிக்கிழமை வந்தாள். திங்கட்கிழமை டாக்குத்தரிடம் போக வேண்டும் என்று அவளே நேரம் எடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, எனக்கு முன்னாலேயே தாயிடம் கேட்டாள்.

"அம்மா, நான் ஒரு மாசம் குறிக்கச் சொன்னனானெல்லே. டாக்குத்தரும் அதைத்தான் கேட்டவ."

ஆக, எல்லாம் என் முகத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மனைவி அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே இருந்து கொப்பித் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நாளும் கேள்வியும் வரிசையாக எழுதியிருந்தது. அடியில் கூட்டு.

"ஒன்பதுதானே?" என்றாள் மகள். அவள் முகத்தில் பாரம் இறங்கியது. "நான் கனக்கப் பயந்திட்டன். ஒரு மாசத்துக்கு ஒன்பது எண்டால் நான் வேலை செய்யிற கந்தோரில எல்லாரும் அப்பிடித்தான்."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். கதவைத் திருப்பிப் பார்த்தேன். ஈரத்துணியால் துடைத்திருந்தது. இளநீலப் பெயின்றில் பென்சில் நிழல் மட்டும் கிடந்தது. ஆனால் கடைசி எண் என் சட்டைப் பையில் இருந்தது. முப்பத்தொன்று.

மனைவி எனக்குப் பின்னால் வந்து கதவைச் சாத்தினார்.

"என்ன பாக்கிறியள்?"

"முப்பத்தொண்டு எங்க?"

அவர் திகைக்கவில்லை. "நீங்கள் பாத்துக்கொண்டிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் வந்து தண்ணி குடிச்சியள். தாகமில்லாத மனிசன்."

"ஒன்பதெண்டு பொய் எழுதிக் குடுத்திருக்கிறீர்."

"மெல்லக் கதையுங்கோ." கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "முப்பத்தொண்டு எண்டு குடுத்தால் என்ன நடக்கும்? நாளைக்கே பெட்டி கட்டுவாள். அங்க ஏழாம் மாடியில நான் என்ன செய்யிறது? கிணறு இல்லை. முத்தம் இல்லை. உங்களை ஒரு கதிரையில இருத்திப்போட்டு உங்கட வாயைப் பாத்துக்கொண்டு நான் மற்றக் கதிரையில இருக்கிறதோ?"

"அப்ப ஏன் எண்ணினீர்? முதலே ஒன்பது எண்டு எழுதியிருக்கலாமே."

"எனக்குத் தெரிய வேணும்தானே," என்றார். "அவளுக்கு என்ன சொன்னாலும், எனக்கு உண்மை தெரிய வேணும்தானே."

ஒரு மாதமாக அந்தக் கோடுகள் கொழும்புக்குப் போகின்றன என்று நான் நினைத்திருந்தேன். அவை இந்தக் கதவைத் தாண்டவே இல்லை.

"நான் முப்பத்துநாலு வருசத்தில ஒருநாளும் பொய் டலிக்குக் கையெழுத்து வைச்சதில்லை."

"உங்களிட்ட ஆர் கையெழுத்துக் கேட்டது?" என்று சொல்லிவிட்டு, மீன்சட்டியை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

*

டாக்குத்தர் இளம் பெண். என்னிடம் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். இரண்டு வரைக்கும் நிற்காமல் போனேன். போதும், போதும் என்று ஐம்பத்தெட்டிலேயே அவர் சொன்னாலும் நான் நிறுத்தவில்லை. மூன்று சொற்கள் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டார். இரண்டு சொன்னேன். மூன்றாவது வரவில்லை. இப்போதும் வரவில்லை.

மகள் தாளை நீட்டினாள். டாக்குத்தர் அதை வாசித்து, "நல்லது, ஒன்பதுதான்" என்று பேனையை எடுத்தார்.

அதுவரைக்கும் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பேசாமல் இருந்தால் வீடு நிற்கும். மனைவி மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தத் தாளில் பிழையான எண் ஒன்று என் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ஒரு நிமிடம் தாருங்கள் என்று தாளை வாங்கி, கூட்டுக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன். 'இருபத்திரண்டு தகராறில். கப்பலில் இருந்தால் ஒப்படைக்கப்படும்.' அதன் கீழே கையெழுத்து வைத்தேன். பழைய பழக்கத்தில் இரண்டு தரம் அடிக்கோடும் போட்டேன்.

டாக்குத்தர் இரண்டு தரம் வாசித்தார். "ஐயா, எந்தக் கப்பல்?"

மகளின் முகம் மாறியது. எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். மேடையில் நான், தளத்தில் நண்பர், மூடி போட்ட பிறகு ஒப்பிடுவது, ஒத்துவராத மூட்டை, அந்த வரி. பிறகு கதவு, கொப்பி, முப்பத்தொன்று, எட்டு. மனைவியைக் காட்டிக் கொடுக்காமல் சொல்ல முயன்றேன். ஏலவில்லை, கழித்தல் தெரிந்த யாருக்கும் விளங்கிவிடும்.

"அம்மா?" என்றாள் மகள்.

"ஓம்," என்றார் மனைவி, காற்றாடியைப் பார்த்தபடியே.

டாக்குத்தர் பேனையின் மூடியைக் கழற்றி, திரும்பப் பூட்டினார். தனக்கு இவ்வளவு ஒழுங்காக மறதிக் கணக்கு யாரும் கொண்டுவந்து தரவில்லை என்றார். பிறகு மகளிடம், இப்படியான ஆளைப் பழகின வீட்டிலிருந்து உடனே கழற்றிக்கொண்டு போனால் மறதி கூடுமே தவிரக் குறையாது என்றார். அடுப்பு தானாக நிற்கிற விதமாக ஒன்று பூட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறிக்க வேண்டும், உண்மையாக. மாதத்துக்கு முப்பத்தொன்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மகளின் சொல். ஏறாவிட்டால் எங்கள் சொல். மகள் விருப்பமில்லாமல் ஒத்துக்கொண்டாள். ஓட்டோவில் திரும்பி வரும்போது கோட்டையடியில் மான்கள் பதினேழு நின்றன.

இறங்கும்போது மனைவி என் காதுக்கு மட்டும் சொன்னார்: "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிசன்."

*

இப்போது குசினிக் கதவில் இரண்டு பத்தி. இடப்பக்கம் அவருடையது, வலப்பக்கம் என்னுடையது. என்னுடையதை ஒரு பழைய கலண்டர் தாளாலும் அவருடையதைக் கைபிடித் துணியாலும் மூடித் தொங்கவிட்டிருக்கிறோம். பகலில் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. அவர் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆகையால் கலண்டர் தாளின் மூலையில் ஒரு தலைமயிரை ஒட்டி வைத்திருக்கிறேன். ஒருநாள் அவருடைய துணியின் மடிப்பிலும் ஒரு நரைமயிர் இருக்கக் கண்டேன். அது உதிர்ந்ததா, வைத்ததா என்று தெரியவில்லை.

மாலை விளக்கு வைத்த பிறகு இரண்டையும் தூக்கிப் பார்ப்போம். வித்தியாசம் இருந்தால் அடியில் எழுதுகிறவன் நான். இந்த மாதம் பாதியாகிவிட்டது. அவருடைய பத்தியில் பதின்மூன்று. மகள் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து எண்ணைக் கேட்பாள். சரியான எண்ணைத்தான் சொல்கிறோம். அறைக் கதவைச் சாத்தாமல்.

நேற்றைக்கு மட்டும் அவருடைய பக்கத்தில் மூன்று, என்னுடைய பக்கத்தில் இரண்டு. ஒன்று தகராறில் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்த மூன்றாவது எது என்று அவரிடம் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டேன். ஏற்கெனவே கேட்டிருந்தால் அது நாலாவதாகிவிடும்.